படங்களை எடுத்துடுங்க

அவளைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வெப்சைட் செய்து கொடுக்கிற அக்கா என்பது தேய்ந்து தேய்ந்து சைட்டக்கா ஆகிவிட்டது. முன்பின் தெரியாதவர்கள் காதில் விழுந்தால் ஒரு மாதிரியாகத் திரும்பிப் பார்ப்பார்கள். பஸ் ஓட்டுகிற அவள் வீட்டுக்காரருக்கு இதில் அலாதி சந்தோஷம். "ஊர்ல அவனவன் சைட்டடிக்க வெளிய போறான். எனக்கு அந்தச் சிரமமே இல்ல, வீட்டுலயே சைட்டக்கா" என்பார். முதல் தடவை கேட்டபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. இப்போதெல்லாம் கழுத்தைத் தடவிக்கொண்டு "சரி, சாப்பிட வாங்க" என்பதோடு சரி.

துணி காயப்போடும் பால்கனியைக் கண்ணாடி வைத்து அடைத்த இடம்தான் அவளுடைய ஆபீஸ். வாஷிங் மெஷினும் அங்கேயேதான். அது துணி பிழியும்போது மேஜை நடுங்கும், மவுஸ் தானாக நகரும். அந்த நேரத்தில் அழிக்கிற வேலை எதையும் தொடுவதில்லை என்று ஒரு விதி வைத்திருந்தாள். பாவம், வாழ்க்கையில் அவள் வைத்துக்கொண்ட ஒரே பாதுகாப்பு விதி அதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு காலத்தில் ஊரில் இருந்த அத்தனை பேருக்கும் இணையத்தில் கடை வேண்டியிருந்தது. செருப்புக் கடைக்காரர் வந்தார், திரைச்சீலை விற்கிறவர் வந்தார், நாய்க்கு பிஸ்கட் விற்கிறவர் வந்தார். ராப்பகலாக உட்கார்ந்து கட்டிக் கொடுத்தாள். 'கூடையில் போடு' என்று ஒரு பட்டன், கூடைக்குப் பக்கத்தில் எத்தனை பொருள் என்று காட்டும் சிவப்புப் புள்ளி, பணம் கட்டும் பக்கம், 'நன்றி, உங்கள் பொருள் கிளம்பிவிட்டது' என்று ஒரு மெயில். அப்புறம் பெரிய பெரிய ஆப்கள் வந்தன. ஜனங்கள் எல்லாவற்றையும் அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். அதே செருப்புக் கடைக்காரர் மறுபடி வந்தார். "கடைய எடுத்துடும்மா, அட்ரஸும் போன் நம்பரும் இருந்தாப் போதும்" என்றார். அவருக்குப் பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள்.

கட்டுவதைவிட எடுப்பது சுலபம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். "ஒரு பட்டன அமுக்குனா போயிடாது?" என்று கேட்காத ஆள் இல்லை. போகாது. கடை மென்பொருளை நிறுத்தினால் பக்கமெல்லாம் ஓட்டை விழும். மெனுவில் வெறும் கூடை தொங்கிக்கொண்டிருக்கும், தட்டினால் பக்கம் இல்லை என்று வரும். முதலில் பணம் வாங்குவதை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் மூடின கடையில் எவனாவது பணம் கட்டிவிட்டு வந்து நிற்பான். பிறகு பட்டன்கள், பிறகு விலைகள், பிறகு பொருள்கள், பழைய சுட்டிகளையெல்லாம் முதல் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது. கட்டும்போதாவது கடைசியில் பார்த்து ரசிக்க ஒன்று இருக்கும். எடுத்து முடித்தால், ஒழுங்காக எடுத்திருந்தால், அங்கே எதுவுமே நடந்த மாதிரி தெரியக்கூடாது. தான் செய்ததைத் தானே தடயமில்லாமல் துடைப்பது என்ன பிழைப்பு என்று அவளுக்குச் சலித்துப் போயிருந்தது. சாயங்காலம் ஆனால் கண் எரியும், விரல் மரத்துப்போகும், யாரோடும் பேசப் பிடிக்காது.

இந்த நிலைமையில்தான் நாத்தனார் போன் செய்தாள்.

நாத்தனார் என்றால் வீட்டுக்காரரின் தங்கை. வீட்டிலேயே கேக் செய்து விற்றவள். சாதாரண கேக் இல்லை. கப்பல் வேண்டும் என்றால் கப்பல், புத்தக அலமாரி வேண்டும் என்றால் அலமாரி, ஒருமுறை விரித்து வைத்த குடை மாதிரி ஒன்று செய்தாள், மழைத்துளி உட்பட. அவளுக்கும் கடை கட்டிக் கொடுத்தது சைட்டக்காதான். காசு வாங்கவில்லை, சொந்தத்தில் எப்படி வாங்குவது. மாவு அடித்து அடித்து, க்ரீம் பையைப் பிழிந்து பிழிந்து நாத்தனாரின் வலது மணிக்கட்டு போய்விட்டது. இனிமேல் தினமும் அந்தக் கையைப் போட்டுப் பாடுபடுத்தினால் அப்புறம் சீப்புக்கூடப் பிடிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் கடையை மூடிவிட்டு, சமையல் கல்லூரி ஒன்றில் கேக் வகுப்பு எடுக்கும் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருந்தார்கள். வரும்போது செய்த வேலைகளின் படங்களைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். இது சைட்டக்காவுக்குத் தெரியாது.

கேக் என்பது விசித்திரமான பொருள். தச்சன் செய்த நாற்காலி எங்கேயாவது இருக்கும். கேக் அன்றைக்கே வயிற்றுக்குள் போய்விடும். நாத்தனார் இத்தனை வருஷம் உழைத்ததற்குச் சாட்சி வெப்சைட்டில் இருந்த அந்தப் படங்கள் மட்டும்தான். போனில் இடம் இல்லை என்று அவள் அப்போதைக்கப்போது அழித்துவிடுவாள். சைட்டில்தான் இருக்கிறதே என்ற தைரியம்.

இரண்டு பேருக்கும் சண்டை என்று ஒன்றும் இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானம் ஆகியிருக்கலாம். கல்யாணமான புதிதில் நாத்தனார் யாரிடமோ, "எங்க அண்ணி வீட்டுலயே உக்காந்து டொக்கு டொக்குன்னு தட்டிட்டிருப்பாங்க, கேட்டா வேலைம்பாங்க" என்று சொன்னது காற்றோடு வந்து சேர்ந்தது. இவளும் சும்மா இருக்கவில்லை. "அளவு டம்ளர் இல்லாம அவளுக்குச் சுடுதண்ணிகூட வைக்கத் தெரியாது" என்று ஒரு விசேஷ வீட்டில் சொல்லி வைத்தாள், அதுவும் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள், அளந்து பேசிக்கொண்டார்கள். சொந்தக்காரர்களுக்குள் மரியாதை கூடிவிட்டால் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம்.

"அண்ணி, நல்லாருக்கீங்களா?"

"இருக்கேன். நீ?"

"இருக்கேன். கடையக் கட்டிடலாம்னு இருக்கேன்."

கட்டினதையே கட்டச் சொல்கிறாளே என்று சைட்டக்காவுக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்பு. வேறு ஆளாக இருந்தால் வாய்விட்டுச் சொல்லியிருப்பாள்.

"சரி. மூடப்போறேன்னு உன் அண்ணன் சொன்னாரு. என்னென்ன எடுக்கணும்?"

"எல்லாத்தையும்தான். விலை, கூடை, ஆர்டர் எல்லாம். என் நம்பர் மட்டும் இருக்கட்டும். படங்களையும் எடுத்துடுங்க."

"சரி."

"வெச்சிடட்டுமா?"

"சரிம்மா."

நம் பாஷையில் இந்த 'எடு' இருக்கிறதே, அது பொல்லாத வார்த்தை. குப்பையை எடு என்றால் வெளியே போடு. நகையை எடு என்றால் பத்திரமாகக் கையில் வாங்கு. நாத்தனார் கடையை எடுக்கச் சொன்னது முதல் அர்த்தத்தில், படங்களை எடுக்கச் சொன்னது இரண்டாவது அர்த்தத்தில். ஒரே மூச்சில் வந்ததால் சைட்டக்காவின் காதில் எல்லாம் ஒரே குப்பையாக விழுந்தது.

மறுநாள் வேலையில் உட்கார்ந்தாள். பணம் கட்டும் வழியை அடைத்தாள், கூடையைப் பிடுங்கினாள், பொருள்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தாள். பொருள் போனதும் அதன் படம் எந்தப் பக்கத்திலும் ஒட்டாமல் அநாதையாக நிற்கும். அப்படிப்பட்ட படங்களைத் தேடிப் பிடித்துத் துடைக்க ஒரு கருவி உண்டு. அதை ஓடவிட்டாள். 'பயன்படாத படங்கள்' என்று கட்டம் கட்டமாக வந்தன. கப்பல், அலமாரி, குடை. நிஜமாகவே அழிக்கவா, திரும்பக் கிடைக்காதே என்று கருவி கேட்டது. வாஷிங் மெஷின் சும்மாதான் இருந்தது, மவுஸ் நடுங்கவில்லை. 'ஆம்' என்று அழுத்திவிட்டு, கழுத்துக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் நாத்தனார் மறுபடி கூப்பிட்டாள்.

"அண்ணி, படமெல்லாம் எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன்."

"எல்லாமா?"

"ஒண்ணு விடல."

"ரொம்ப தேங்க்ஸ் அண்ணி. அப்ப எனக்கு அனுப்பிடுங்க, வர்ற வாரம் இன்டர்வியூ."

பால்கனிக் கண்ணாடிக்கு வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள், சைட்டக்கா அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணி? லைன்ல இருக்கீங்களா?"

"நீ அழிக்கச் சொன்னன்னு நெனச்சு..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. நாத்தனார் ஒரு வார்த்தை திட்டவில்லை. "சரி அண்ணி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கலாம்.

சர்வர் வாடகைக்குக் கொடுக்கும் கம்பெனிக்குப் போன் போட்டாள். நகல் இருக்கிறதா என்று கேட்டாள். "உங்க பிளான்ல பேக்கப் கிடையாதுங்களே" என்றான் அங்கே இருந்தவன், ஏதோ அவள் ஓசியில் கேட்டுவிட்ட மாதிரி. அவள் கைவசம் இருந்த வாடிக்கையாளர்களில் செருப்புக்கடைக்கு நகல் உண்டு, நாய் பிஸ்கட்டுக்கும் நகல் உண்டு. காசு வாங்காமல் செய்ததாலோ என்னவோ, நாத்தனாரின் சைட்டுக்கு மட்டும் இருப்பதிலேயே மலிவான பிளானைப் போட்டு, நகல் எடுப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். கூகுளில் தேடினால் நகம் அளவுக்கு நாலைந்து கேக் கிடைத்தது. பெரிதாக்கினால் கப்பலும் அலமாரியும் ஒரே மாதிரி தெரிந்தன.

வீட்டுக்காரர் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் சோபாவில் உட்கார்ந்து கேட்டார்.

"உனக்கு ஒரு தடவ கேட்டுக்கணும்னு தோணலயா?"

"சொல்றவங்க தெளிவாச் சொல்லியிருக்கணும்."

"அண்ணி வேணும்னுதான் அழிச்சிட்டாங்கன்னு அவ நெனைப்பாளே."

"நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

அவர் ஷூ கயிற்றை அவிழ்ப்பதில் மும்முரமானார். அந்த முடிச்சு அப்படியொன்றும் பெரிய முடிச்சு இல்லை. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை.

இரண்டு நாள் அந்தக் காலி சைட்டையே திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சுத்தமாக இருந்தது. பெயர், போன் நம்பர், வெள்ளைப் பின்னணி. இவ்வளவு சுத்தமாக எந்தக் கடையையும் அவள் எடுத்ததில்லை. பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. பின்பக்கத்தில் ஒவ்வொன்றாகத் துழாவிக்கொண்டு போனபோதுதான், அசதியில் எடுக்காமல் விட்ட ஒரே ஒரு துணைக்கருவி கண்ணில் பட்டது. கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போனவர்களுக்கும், போன வருஷம் இதே நாளில் வாங்கினவர்களுக்கும் ஞாபகப்படுத்தி மெயில் அனுப்புகிற கருவி. கடையே இல்லை, அது பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. 'உங்கள் வீட்டுப் பிறந்தநாள் நெருங்குகிறது, கேக் சொல்லியாயிற்றா?' என்று அன்று காலைகூட யாருக்கோ அனுப்பியிருந்தது. கேக் வாங்கிய அத்தனை பேரின் முகவரியும் அதற்குள் உயிரோடு இருந்தது.

கேக்கைப் படம் எடுக்காமல் யார் வெட்டுகிறார்கள்?

உடனே நாத்தனாரைக் கூப்பிடக் கை வரவில்லை. வீட்டுக்காரரை விட்டுச் சொல்லச் சொன்னாள். அவர், "நீயே பேசு, நடுவுல நின்னு நின்னு எனக்குக் கால் வலிக்குது" என்றுவிட்டார். பேசினாள். நாத்தனார் அன்று மத்தியானமே மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஆபீஸில் இரண்டாவது நாற்காலி கிடையாது. வாஷிங் மெஷின் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"என்ன எழுதலாம்?" என்று சைட்டக்கா கேட்டாள்.

"நீங்களே எழுதுங்க அண்ணி."

"வேணாம். நீ சொல்லு, நான் தட்டுறேன்."

"நான் கேக் செஞ்சு குடுத்தவங்க. உங்க வீட்டு விசேஷத்துல எடுத்த போட்டோல என் கேக் இருந்தா அனுப்புங்க. என்கிட்ட ஒண்ணுகூட இல்ல..." அதோடு நிறுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சைட்டக்கா அதை அப்படியே தட்டி அனுப்பினாள்.

முதல் நாள் ஒன்றும் வரவில்லை. மறுநாள் ஒன்று, அப்புறம் மூன்று, அப்புறம் சாப்பிட விடாமல் வந்துகொண்டே இருந்தன. நாத்தனார் எடுத்திருந்த படங்கள் மாதிரி இல்லை இவை. அவள் வெள்ளைத் துணி விரித்து, வெளிச்சம் பார்த்து எடுப்பாள். இதில் கேக்குக்கு முன்னால் யாருடைய முழங்கையோ, பின்னால் கொட்டாவி விடுகிற ஒரு மாமா, மெழுகுவர்த்தியோடு சேர்ந்து அலமாரியையும் ஊதித் தள்ளுகிற குழந்தை. பாதிக்கு மேல் வெட்டின பிறகு எடுத்தவை. கப்பல் மூக்கில்லாமல் நின்றது. ஒரு கிழவர் குடையின் கைப்பிடியை மென்றுகொண்டிருந்தார்.

"ஐயோ, இதையெல்லாம் எப்படிக் காட்டுறது" என்று சைட்டக்காவுக்கு அழுகை வந்தது. எத்தனை சிரமப்பட்டு என்ன, கடைசியில் இதுதானா என்று இருந்தது.

நாத்தனார் மெஷினிலிருந்து இறங்கி வந்து திரைக்குப் பக்கத்தில் குனிந்து நின்றாள். மூக்கில்லாத கப்பலை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நான் செஞ்ச கேக்க வெட்டி நான் பாத்ததே இல்ல அண்ணி. டப்பால வெச்சுக் குடுத்துடுவேன், அவ்வளவுதான். உள்ள அடுக்கு நேராத்தான் வந்திருக்கு, பாத்தீங்களா?"

நல்லதாக இருபது முப்பதைப் பொறுக்கி, ஓரம் வெட்டி, வெளிச்சம் கூட்டி ஒழுங்குபடுத்த நாலு நாள் ஆயிற்று. முழங்கையை எடுக்கட்டுமா என்று சைட்டக்கா கேட்பாள். "எடுங்க, அழிச்சிடுங்கன்னு சொல்றேன், அந்த எடுங்க" என்பாள் நாத்தனார். வீட்டுக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டிப்போவில், கடையில், சொந்தக்காரர்களிடம் எல்லாம் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "ஒரே ஒரு வார்த்த பண்ணின வேல பாருங்க!" குற்றம் வார்த்தையின் மேல் விழுந்ததில் எல்லோருக்கும் நிம்மதி. வார்த்தைக்கு வாயா இருக்கிறது, எதிர்த்துப் பேச.

தேர்வு அன்றைக்கு நாத்தனார் கேட்காமலேயே சைட்டக்காவும் கூடப் போனாள், கணினியைத் தூக்கிக்கொண்டு போக ஒரு நல்ல கை வேண்டுமே என்று சொல்லிக்கொண்டு. கல்லூரியின் நீளமான தாழ்வாரத்தில் அவளை உட்காரவைத்துவிட்டு நாத்தனார் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"வரச் சொல்லிட்டாங்க. மூணு மாசம் பாத்துட்டுதான் நெரந்தரம் பண்ணுவாங்களாம். வெட்டின கேக்கத்தான் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. வெளிய அழகா யாரு வேணா பண்ணலாம், உள்ள பாக்கணும்னாங்க."

"அப்பாடா."

"நீங்க அழிச்சதும் நல்லதுக்குத்தான் போலிருக்கு அண்ணி."

இதோடு விட்டிருக்கலாம். டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறியிருந்தால் கதை சுபம். ஆனால் சைட்டக்காவுக்கு அந்த வார்த்தையைத் தாங்க முடியவில்லை. கழுத்து வலி, கண் எரிச்சல் எல்லாவற்றுக்கும் மேலே இந்த வாரம் பூராவும் இன்னொன்று அவளை அழுத்திக்கொண்டிருந்தது.

"நீ எடுத்துடுங்கன்னு சொன்னப்பவே எனக்குச் சந்தேகம் வந்துச்சு" என்றாள். "எடுத்து வெக்கவா, எடுத்துப் போடவான்னு. வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கல."

நாத்தனார் அவளைப் பார்த்தாள். "ஏன்?"

"கேட்டா நீ ஏதாவது சொல்லுவ. அப்பறம் நான் ஏதாவது சொல்லணும். எனக்கு அலுப்பா இருந்துச்சு. உன்கூட இன்னொரு வார்த்த பேச வேணாம்னு இருந்துச்சு."

டீ வந்தது. நாத்தனார் இடது கையால் டம்ளரை வாங்கி, சூடு தாங்காமல் சட்டென்று பெஞ்சில் வைத்தாள்.

"நான் எல்லாத்தையும் விவரமா சொல்லத்தான் அன்னிக்குக் கூப்பிட்டேன்" என்றாள். "இன்டர்வியூவுக்குப் படம் வேணும், கொஞ்சம் எடுத்து அனுப்புங்க அண்ணி, அது இல்லன்னா எனக்கு வேற வழியில்லன்னு. மனசுக்குள்ள சொல்லிப் பாத்துட்டுக்கூட போன் பண்ணேன். உங்க குரலக் கேட்டதும் வரல. உங்ககிட்டப் போய் உதவின்னு கேக்கணுமான்னு, ஒரே வார்த்தைல முடிச்சிட்டேன்."

பஸ் ஒன்று வந்து நின்று, இவர்கள் எழுந்திருக்காததைப் பார்த்துவிட்டுப் போனது. வீட்டுக்குப் போனால் திரைச்சீலைக்காரரின் கடை எடுக்கக் காத்திருக்கிறது என்பது சைட்டக்காவுக்கு ஞாபகம் வந்தது. உடம்பில் தெம்பு இல்லை, ஆனால் எழுந்து போகவும் தோன்றவில்லை.

நாத்தனார் டம்ளரை எடுக்கப் போய், வலது மணிக்கட்டு வலித்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். இடது கையை மாற்றிப் பார்த்தாள். அப்புறம் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணி" என்றாள், "விளிம்பு வரைக்கும் ஊத்திட்டாங்க, சுடுது, இந்தக் கையால தூக்க முடியல. நீங்க கொஞ்சம் ஆத்திப் பாதியாக்கிக் குடுங்க."

சைட்டக்கா கடைக்காரரிடம் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கி ஆற்ற ஆரம்பித்தாள்.